கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னியும் நார்மலா? சர்க்கரை நோயாளிகளுக்கான சிறுநீர்ப் பரிசோதனைகள்

சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலர் கிட்னி என்றதும் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான், ரத்தத்தில் கிரியேட்டினின். அது 1.0 என்று வந்துவிட்டால் "உப்பு ஏறவில்லை, கிட்னிக்கு ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. சர்க்கரையால் வரும் கிட்னி பாதிப்பு, நிறையப் பேருக்கு, ரத்தத்தில் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே சிறுநீரில் தெரியத் தொடங்கிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் சாதாரண லேபிலேயே இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்காமலோ நோயாளி கேட்காமலோ அது விடுபட்டுப் போகிறது.

இன்னொரு பக்கம் "கிட்னி பாதிப்பை முன்கூட்டியே சொல்லும் புதிய சிறுநீர்ப் புரதம்" என்ற மாதிரி செய்திகள் அவ்வப்போது வருகின்றன. படிப்பவருக்குக் குழப்பம்: நான் செய்துகொள்ளும் டெஸ்ட் பழையதாகிவிட்டதா, புதியதைத் தேடிப் போக வேண்டுமா?

இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற ஆய்வு 2023ல் மதிப்பிட்டது. சர்க்கரை நோயாளிகளில் 20 முதல் 40 சதவீதம் பேருக்குக் கிட்னி பாதிப்பு வருகிறது என்பது உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கும் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில், கிட்னிக்குள் என்ன நடக்கிறது

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒரு நெஃப்ரானுக்கு இரண்டு பகுதிகள். குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுருள் ரத்தத்தை வடிகட்டுகிறது. அதிலிருந்து கிளம்பும் நுண்குழாய், வடிந்த நீரில் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே வருகிறது என்றால் நுண்குழாய்க்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று பாருங்கள்.

வடிகட்டிக்கு மூன்று அடுக்குகள்: ரத்தக் குழாயின் உட்சுவர், அதை ஒட்டிய ஒரு சவ்வு, வெளிப்பக்கம் விரல்களைப் பின்னிப் பிடித்துக்கொண்டிருக்கும் போடோசைட் செல்கள். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் புரதமான ஆல்புமினை இந்த அடுக்குகள் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. தப்பி வரும் கொஞ்சத்தையும் நுண்குழாய் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் நாள் முழுவதற்கும் 30 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் ஆல்புமின் இருக்கும்.

ரத்தச் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் குளோமெருலஸுக்குள் அழுத்தம் ஏறுகிறது, சவ்வு தடிக்கிறது, போடோசைட்டுகள் பிடி விட்டு உதிர்கின்றன. ஆல்புமின் கசிகிறது. இந்தக் கட்டத்தில் வலி கிடையாது, கால் வீக்கம் கிடையாது, சிறுநீரின் நிறம்கூட மாறாது. நுரை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. நுரை தெரியும் அளவுக்குப் புரதம் போகிறது என்றால் அது ஆரம்பக் கட்டம் இல்லை.

கிரியேட்டினின் ஏன் தாமதமாகச் சொல்கிறது

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. கிட்னி அதை வெளியேற்றும் வேகம் குறைந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். யோசனை சரிதான், ஆனால் மூன்று சிக்கல்கள் உண்டு.

1. கிட்னிக்கு இருப்புத் திறன் அதிகம். கொஞ்சம் நெஃப்ரான்கள் செத்தால் மீதி இருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அதனால் வடிகட்டும் திறனில் கிட்டத்தட்ட பாதி போகும் வரைகூடக் கிரியேட்டினின் நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்க முடியும்.

2. சர்க்கரை நோயின் தொடக்கத்தில் பலருக்கு வடிகட்டும் வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, பாதிப்பு தொடங்கியிருக்கும் அதே நேரத்தில் ரிப்போர்ட் முன்பைவிட நன்றாகத் தெரியும்.

3. தசை எல்லோருக்கும் ஒன்று போல் இல்லை. இது மிக முக்கியம். 30 வயது ஆணுக்கும் 68 வயதுப் பெண்ணுக்கும் கிரியேட்டினின் ஒரே 1.0 என்று வைத்துக்கொள்வோம். வயது, பாலினம் எல்லாம் சேர்த்து வடிகட்டும் திறனை மதிப்பிடும் 2021ஆம் ஆண்டு சூத்திரத்தில் போட்டால் அவருக்குச் சுமார் 104, அந்த அம்மாவுக்குச் சுமார் 61. லேப் இரண்டையும் நார்மல் என்றே அச்சடித்துக் கொடுக்கும்.

இந்த 104, 61 என்பதுதான் இஜிஎஃப்ஆர். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்ற மதிப்பீடு. கிரியேட்டினினைத் தனியாகப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். நிறைய லேப்கள் இப்போது தானாகவே கணக்குப் போட்டுத் தருகின்றன. இல்லை என்றால் கேட்டு வாங்கலாம். ஆனாலும் இதுவும் அதே கிரியேட்டினினை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, ஆகவே முதல் இரண்டு சிக்கல்கள் அப்படியே இருக்கும்.

சிறுநீரில் ஆல்புமின்: லண்டனில் தொடங்கிய கதை

சிறுநீரில் புரதம் போவதற்கும் கிட்னி நோய்க்கும் உள்ள தொடர்பை லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் 1827ல் விவரித்தார். கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவத்தியில் சூடாக்குவார்கள், புரதம் இருந்தால் வெள்ளையாகத் திரியும். அப்படித் திரியும் அளவுக்குப் புரதம் இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மிகக் குறைந்த ஆல்புமினை அளக்கும் முறை ஒன்றை 1963ல் அதே கைஸ் மருத்துவமனையில் ஹாரி கீனும் கிளவரகிஸும் கொண்டுவந்தார்கள். பிறகு 1982ல் வைபர்ட்டி குழுவினர் இன்சுலின் சார்ந்த சர்க்கரை நோயாளிகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் தெரியாத இந்தச் சிறு கசிவு இருந்தவர்களுக்குத்தான் பிற்காலத்தில் பெரிய கிட்னி நோய் வந்தது என்று காட்டினார்கள். 1984ல் டென்மார்க்கின் மோகென்சன் டைப் 2 நோயாளிகளிடமும் இதையே பார்த்தார். கூடவே இன்னொன்றையும் கவனித்தார்: சிறு கசிவு இருந்தவர்கள் சீக்கிரமே இறந்தார்கள், அதில் இதய நோயின் பங்கு பெரிது. கிட்னியில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கும் அது அடையாளம்.

லேபில் "மைக்ரோ ஆல்புமின்" என்று சொல்வது இந்தச் சிறு கசிவைத்தான்.

ஏசிஆர் என்றால் என்ன, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

சிறுநீரில் ஆல்புமினை மட்டும் அளந்தால் ஒரு தொல்லை. நிறையத் தண்ணீர் குடித்தவருக்குச் சிறுநீர் நீர்த்துப்போய் அளவு குறைவாகக் காட்டும். குடிக்காதவருக்குக் கூடுதலாகக் காட்டும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்தால் இதைத் தவிர்க்கலாம். நடைமுறையில் கேன் வைத்துக்கொண்டு ஒரு துளி விடாமல் சேகரிப்பது பாடாக இருக்கிறது, பாதிப் பேர் தவறாகச் சேகரிக்கிறார்கள். ஆகவே ஒரே மாதிரியில் ஆல்புமினையும் கிரியேட்டினினையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்கிறார்கள். அந்த விகிதம்தான் ஏசிஆர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இருவருக்கும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின். ஒருவருடைய சிறுநீர் நீர்த்தது, கிரியேட்டினின் லிட்டருக்கு 0.5 கிராம். அவருடைய ஏசிஆர் 60. மற்றவருடையது அடர்த்தியானது, கிரியேட்டினின் 2 கிராம். அவருடைய ஏசிஆர் 15. ஆல்புமின் ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குக் கசிவு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

கேடிகோ என்ற சர்வதேச வழிகாட்டுதல் அமைப்பின் வகைப்படி, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு:

- 30 மில்லிகிராமுக்குக் கீழே: நார்மல் அல்லது லேசான உயர்வு
- 30 முதல் 300 வரை: மிதமான உயர்வு
- 300க்கு மேல்: தீவிர உயர்வு

ரிப்போர்ட்டில் அலகைக் கட்டாயம் பாருங்கள். சில லேப்கள் மில்லிமோலுக்கு எத்தனை மில்லிகிராம் என்று தரும். அதில் எல்லைகள் 3, 30. அந்த அலகில் 20 என்று வந்ததை "30க்குள்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டால், உண்மையில் அது கிராம் கணக்கில் 170க்கு மேல். இன்னும் சில லேப்கள் லிட்டருக்கு எவ்வளவு ஆல்புமின் என்று மட்டும் தந்துவிடும், விகிதமே இருக்காது. அப்படி வந்தால் அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

சாதாரண ஸ்ட்ரிப் டெஸ்ட்டும் இதற்குப் போதாது. அதில் "புரதம் இல்லை" என்று வந்தாலும் 30 முதல் 300 வரையிலான கசிவு மறைந்திருக்க முடியும். நாம் பிடிக்க வேண்டிய கட்டமே அதுதான்.

ஒரு தடவை உயர்ந்தால் பயந்துவிட வேண்டாம்

ஏசிஆர் நாளுக்கு நாள் நன்றாகவே மாறும். ஆகவே 3 முதல் 6 மாதங்களுக்குள் மூன்று தடவை பார்த்து, அதில் குறைந்தது இரண்டு தடவை உயர்ந்திருந்தால்தான் உண்மையான கசிவு என்று எடுத்துக்கொள்வார்கள். தற்காலிகமாக உயர்த்தும் காரணங்கள்:

1. முந்தைய 24 மணி நேரத்தில் கடும் உடற்பயிற்சி
2. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று
3. மாதவிடாய் நாட்கள்
4. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கட்டுக்கடங்காமல் இருக்கும் நேரம்
5. இதயச் செயலிழப்பு

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், அதிலும் நடுப்பகுதி, மிகவும் நம்பகமானது. தசை மிகவும் குறைந்த மெலிந்த முதியவருக்கு ஏசிஆர் கொஞ்சம் கூடுதலாகவும், நல்ல உடற்கட்டு உள்ளவருக்குக் கொஞ்சம் குறைவாகவும் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். வகுக்கும் எண் தசையிலிருந்து வருவதால் இதைத் தவிர்க்க முடியாது.

உறுதியான பிறகும் அது ஒருவழிப் பாதை அல்ல. பாஸ்டன் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் டைப் 1 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2003ல் வெளியான ஆய்வில், சிறு கசிவு இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு ஆண்டுகளில் அது கணிசமாகக் குறைந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு நன்றாகக் கட்டுப்பட்டிருந்தவர்களிடம் இது அதிகம் நடந்தது.

ஆல்புமினுக்குத் தெரியாத பாதிப்பு

இதுவரை சொன்னது வடிகட்டி சேதமாகும் கதை. கிட்னி முழுக்க வடிகட்டி இல்லையே. பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற நீண்டகால டைப் 2 ஆய்வில், கிட்னித் திறன் குறைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கு முன் ஆல்புமின் கசிவே பதிவாகவில்லை. நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும் தழும்பாகிப் போவது, சிறு ரத்தக் குழாய்கள் அடைபடுவது, வயது, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து இந்த வழியில் கொண்டுவிடுகின்றன.

இலங்கையின் அநுராதபுரம் பக்கம் விவசாயிகளிடம் காணப்படும், காரணம் உறுதியாகாத கிட்னி நோய் சர்க்கரையால் வருவது அல்ல. ஆனால் நுண்குழாய்ப் பக்கம் தொடங்கும் நோயில் ஆல்புமின் எவ்வளவு குறைவாக இருக்க முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இதனால்தான் வழிகாட்டுதல்கள் ஏசிஆரையும் இஜிஎஃப்ஆரையும் சேர்த்தே பார்க்கச் சொல்கின்றன. ஒன்று நார்மலாக இருந்து மற்றொன்று மட்டும் கெட்டிருப்பது சாதாரணமாக நடக்கும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் புதிய அடையாளங்களைத் தேடுகிறார்கள்.

புதிய அடையாளங்கள் எவை

1. சிறு புரதங்கள்: ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்றவை. உருவத்தில் சிறியவை என்பதால் வடிகட்டியைச் சுலபமாகத் தாண்டும், பிறகு நுண்குழாய் அவற்றை முழுவதுமாக உறிஞ்சிவிடும். சிறுநீரில் வந்தால் நுண்குழாய் வேலை செய்யவில்லை என்று பொருள். இதில் பீட்டா-2 அமிலத்தன்மை உள்ள சிறுநீரில் சிதைந்துவிடும், அதனால் அளப்பது சிக்கல்.

2. கிம்-1: ஆரோக்கியமான நுண்குழாய்ச் செல்லில் இது ஏறக்குறைய இருக்காது. செல் காயம்பட்டால் மேற்பரப்பில் முளைத்து, உதிர்ந்து சிறுநீருக்கு வரும்.

3. என்ஜிஏஎல்: காயம்பட்ட நுண்குழாய் இதை நிறைய வெளியிடும். ஆனால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவிலும் இது இருப்பதால், சிறுநீர்த் தொற்று இருந்தாலே ஏறிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, சிறுநீர்த் தொற்று எவ்வளவு சகஜம் என்பது தெரிந்ததே.

4. எல்-எஃப்ஏபிபி: கொழுப்பு அமிலத்தைச் சுமக்கும் புரதம், நுண்குழாய்க்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறையும்போது வெளியே வருகிறது. ஜப்பானில் 2011 முதல் மருத்துவக் காப்பீட்டின் கீழ் பயன்பாட்டில் உள்ளது.

5. சிகேடி273: இது ஒற்றைப் புரதம் அல்ல. சிறுநீரில் உள்ள 273 புரதத் துண்டுகளை ஒன்றாக அளந்து ஒரே மதிப்பெண்ணாக மாற்றும் முறை. துண்டுகளில் பெரும்பாலானவை திசுவைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருபவை. திசு தழும்பாகத் தொடங்கும்போது கொலாஜன் உடைவது குறைகிறது, அந்தத் துண்டுகளும் குறைகின்றன. தழும்பு பற்றி நேரடியாகப் பேசுவதால் எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் சுவாரசியமானது இதுதான்.

பிறகு ஏன் இவை நம் ஊர் லேபுக்கு வரவில்லை

ஆய்வில் "நோயாளிகளிடம் கிம்-1 அதிகம்" என்று வந்தால் அது சராசரி. இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசமாக இருக்கலாம், ஆனால் தனி ஆட்களின் எண்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அது உதவாது. 1000 பேரில் 100 பேருக்கு உண்மையில் பாதிப்பு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் இரண்டு பக்கமும் 80 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அப்போது 80 பேரைச் சரியாகப் பிடிக்கும், கூடவே ஒன்றுமில்லாத 180 பேரையும் பயமுறுத்தும்.

இதை உண்மையில் சோதித்துப் பார்த்தது 2020ல் வெளியான பிரையாரிட்டி என்ற ஐரோப்பிய ஆய்வு. டைப் 2 சர்க்கரை நோய் இருந்து ஆல்புமின் நார்மலாக இருந்த 1775 பேருக்குச் சிகேடி273 பார்த்தார்கள். 216 பேர் அதிக ஆபத்து, 1559 பேர் குறைந்த ஆபத்து என்று பிரிந்தார்கள். தொடர்ந்து கவனித்ததில் முதல் குழுவில் 61 பேருக்கு, அதாவது 28 சதவீதத்தினருக்கு, ஆல்புமின் கசிவு வந்தது. இரண்டாவது குழுவில் 139 பேர், 9 சதவீதம்.

சதவீதத்தைப் பார்த்தால் டெஸ்ட் நன்றாகப் பிரிக்கிறது. தலைக்கணக்கைப் பாருங்கள்: கசிவு வந்த 200 பேரில் 139 பேர் "குறைந்த ஆபத்து" என்று சொல்லப்பட்டவர்கள். சரி, அதிக ஆபத்து என்று பிடித்தவர்களையாவது காப்பாற்ற முடிந்ததா? அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்பைரனோலாக்டோன் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கசிவு வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. முன்கூட்டித் தெரிந்தது, ஆனால் தெரிந்ததால் நோயாளிக்கு நன்மை கிடைத்தது என்று காட்ட முடியவில்லை. மற்ற மருந்துகளோடு சோதித்தால் வேறு விடை வரக்கூடும். அது வரும்வரை, ஏசிஆரும் இஜிஎஃப்ஆரும் பார்க்காத ஒருவர் இந்தப் பெயர்கள் போட்ட விலையுயர்ந்த பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

கசிவு தெரிந்தால் இன்று என்ன செய்ய முடியும்

ஆல்புமினின் பெரிய பலமே இதுதான், அதைக் கண்டுபிடித்தால் அடுத்து செய்ய வேலை இருக்கிறது.

1. லோசார்டன், இர்பசார்டன் வகை மருந்துகள் கிட்னி கெடும் வேகத்தைக் குறைக்கும் என்பது 2001லேயே இரண்டு பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது. ரத்த அழுத்தமும் ஆல்புமினும் நார்மலாக இருப்பவருக்கு இவற்றைத் தடுப்பு மருந்தாகக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது.

2. எஸ்ஜிஎல்டி2 வகை (சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள்): 2019ல் கிரெடென்ஸ் ஆய்வில், ஏசிஆர் 300க்கு மேல் இருந்தவர்களிடம், கேனாக்ளிஃப்ளோசின் முக்கியமான கிட்னி பாதிப்புகளையும் கிட்னி, இதய நோயால் வரும் மரணங்களையும் சேர்த்து 30 சதவீதம் குறைத்தது. இதே வகையைச் சேர்ந்த டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றின் காப்புரிமை இந்தியாவில் முடிந்துவிட்டதால் பல கம்பெனிகளின் மாத்திரைகள் வந்து விலை இறங்கியிருக்கிறது. தொடங்கிய சில வாரங்களில் இஜிஎஃப்ஆர் லேசாக இறங்குவது எதிர்பார்த்ததுதான், அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது சிறுநீரில் சர்க்கரை காட்டுவதும் மருந்தின் வேலையே.

3. ஃபினெரினோன், ஊசி மருந்தான செமாக்ளுடைட் ஆகியவையும் பெரிய ஆய்வுகளில் பலன் காட்டியிருக்கின்றன. செமாக்ளுடைடின் ஃப்ளோ ஆய்வு 2024ல் வந்தது.

ஏசிஆர் 300க்கு மேல் இருப்பவருக்கு அதை 30 சதவீதமாவது குறைப்பது சிகிச்சையின் இலக்காக வைக்கப்படுகிறது. அதாவது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இதே டெஸ்ட்தான்.

யார், எப்போது

டைப் 2 என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடம் ஒருமுறை ஏசிஆர், இஜிஎஃப்ஆர் இரண்டும். சர்க்கரை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாததால் காத்திருக்க இடமில்லை. டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்துத் தொடங்கி வருடம்தோறும். கசிவோ திறன் குறைவோ இருந்தால் டாக்டர் இன்னும் அடிக்கடி பார்ப்பார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றியும் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சர்க்கரைக்குத் தொடர்பில்லாமல் கிட்னியைக் கெடுப்பவை அவை.

சர்க்கரை நோயாளிக்கு வரும் எல்லாக் கசிவும் சர்க்கரையால் வருவது அல்ல. சிறுநீரில் ரத்தம் இருந்தால், சில மாதங்களுக்குள் ஆல்புமின் மளமளவென்று ஏறினால், இஜிஎஃப்ஆர் வேகமாக இறங்கினால், அல்லது டைப் 1 நோயாளிக்குக் கண் பரிசோதனையில் விழித்திரை பாதிப்பே இல்லாமல் பெரிய கசிவு இருந்தால், வேறு கிட்னி நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அங்கே சிறுநீர் டெஸ்ட்டை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, சிகிச்சையே மாறிவிடும் என்பதால் கிட்னி டாக்டர் பயாப்சி (கிட்னித் திசுவைச் சிறிது எடுத்துப் பார்ப்பது) வரை யோசிப்பார்.